அறுபத்து மூன்றாம் நம்பர்

நான் ஆடியதை என் மனைவி பார்த்ததில்லை. ஒரு தடவைகூட.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

பதினெட்டு வயதிலிருந்து முப்பது வரை கபடி ஆடினேன். முதலில் மயிலாப்பூரில் எங்கள் தெரு டீம். பிறகு ஓர் ஆபீஸ் டீம். அங்கே ஒப்பந்தம். வருடா வருடம் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாடு, பனியன், ரயில் டிக்கெட் எல்லாம் அவர்களுடையது. உடம்பு நம்முடையது. என் இடம் இடது கார்னர். கபடி பாடி வருகிறவனுடைய கணுக்காலைப் பிடிப்பது வேலை. மற்றது எதுவும் எனக்குச் சரியாக வராது. பாடப் போனால் பாதியில் திரும்பிவிடுவேன். ஆனால் பிடித்தால் விடமாட்டேன்.

முட்டி போன பிறகுதான் கல்யாணம். அவள் பெசன்ட் நகர் குப்பத்துக்காரி. மீன் வியாபாரம். பெண் பார்க்கப் போனபோது நான் தரையில் கையை ஊன்றி எழுந்ததை அவள் அம்மா பார்த்துவிட்டார். காலில் என்ன என்று கேட்டார். கபடி ஆடினேன் என்றேன். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கபடி என்றால் அன்றைக்கே என் முட்டி என்று ஆகிவிட்டது.

போட்டோ இல்லை. நாங்கள் ஆடிய காலத்தில் எல்லார் கையிலும் கேமரா போன் கிடையாது. ஒரே ஒரு குரூப் போட்டோ இருந்தது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருடம் ஊறிப் போனது. அதிலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஜெயித்ததில் ஒரு கப் மட்டும் பாக்கி இருக்கிறது. அதில் அவள் மீனுக்கு ஐஸ் அள்ளுவாள்.

டிவியில் கபடி வரும்போது என் வாய் சும்மா இருக்காது. அவன் லேட்டாகப் போய்விட்டான், இவன் மேலே பிடித்துவிட்டான் என்பேன். அவள் செதில் சீவிக்கொண்டே சொல்வாள்.

"ஆமா, நீ புடிச்சிருந்தா கிழிச்சிருப்ப. காலையில பாய வுட்டு எழுந்துக்கவே ஒனக்கு ஆள் வேணும்."

அது உண்மை. நான் பாயில்தான் படுப்பேன். எழும்போது பாதியில் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடும். அங்கே கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவள் கையை நீட்டுவாள். என்னைப் பார்க்க மாட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நீட்டுவாள். கூடையைக் கட்டிக்கொண்டே நீட்டுவாள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவள் ஒரு பிடி பார்த்திருக்கலாம் என்று தோன்றும். ஒன்றே ஒன்று. பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

இப்போது எனக்கு வேலை தி.நகரில் ஒரு துணிக்கடையில். வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற இடம். ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம். போன வருடம் மே மாதம் ஒரு நாள் பைக்குப் பதிலாக ஒரு கை வந்து கவுண்டர் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பழைய கூட்டாளி. ஆபீஸ் டீமில் எனக்குப் பக்கத்து இடத்தில் ஆடியவன். ஆறு வருடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றேன். கார்னரும் பக்கத்தில் இருப்பவனும் கை கோத்துத்தான் நிற்க வேண்டும். அவன் உள்ளங்கை வியர்த்தால் எனக்குத் தெரியும். இப்போது சினிமாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறான்.

"மச்சி, மூணு நாள் வேல கீது. வரியா?"

"என்ன வேலை?"

"அமெரிக்கா ஃபுட்பால்."

நான் அடுத்தவருக்கு டோக்கன் கொடுத்தேன். அவன் நகரவில்லை. நின்று விவரம் சொன்னான். ஒரு தமிழ்ப் படம். நம்மூர்ப் பையன் ஒருவன் அமெரிக்காவுக்குப் போய் அந்த ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடுகிறான். அங்கே கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். மோதுகிற காட்சிகள் மட்டும் இங்கே. சுற்றிலும் பச்சைத் துணி கட்டி எடுத்தால் பின்னால் அமெரிக்காவை ஒட்டிக்கொள்வார்களாம். ஆட்கள் மட்டும் வேண்டும். பெரிய உடம்பு, விழுந்தால் அழாத உடம்பு.

"மொகம் தெரியாது மச்சி. எல்லாருக்கும் ஹெல்மெட்டு. கையில கிளவுஸு. உள்ள இருக்கிறவன் மைலாப்பூரா மயாமியான்னு எவனுக்குத் தெரியும்?"

முட்டியைக் காட்டினேன். ஓட வேண்டாம், நின்று விழுந்தால் போதும் என்றான்.

சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் லீவு கேட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர். முகூர்த்த சீசனில் லீவு கேட்கிறாயே என்று ஆரம்பித்தார். சினிமா என்றதும் நிறுத்தினார். என்ன வேஷம் என்று கேட்டார். விழுகிற வேஷம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கு மூணு நாளாவே? சரி, போயிட்டு வாரும்."

வீட்டில் சொன்னேன். அவள் முதலில் முட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"படத்துல நீ தெரிவியா?"

"முகம் தெரியாது. நம்பர் தெரியும்."

"ஆட்றது தெரியுமா?"

"தெரியும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது என் பழைய முட்டிப் பட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

அடையாறில் ஒரு காலேஜ் மைதானம். மூன்று பக்கம் பச்சைத் துணி. நாங்கள் இருபது பேர். முக்கால்வாசி கபடிக்காரர்கள், மூன்று பாக்ஸிங் பையன்கள், மற்றவர்கள் ஜிம். தோளுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு மாட்டினார்கள். தொடைக்கு ஒன்று. மேலே பனியன். எனக்கு வந்தது அறுபத்து மூன்று.

"மைலாப்பூர்க்காரனுக்கு அறுவத்து மூவரா. சாமி தானா வந்து குட்த்துக்கீது" என்றான் கூட்டாளி.

ஹெல்மெட் போட்டதும் வெளிச் சத்தம் குறைந்துவிடுகிறது. நம்முடைய மூச்சு பெரிதாகக் கேட்கிறது. முன்னால் கம்பி. கம்பி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பந்தைக் காட்டினார்கள். உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. அதை ஒருவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவான். கோட்டைத் தாண்டினால் அவனுக்கு. அதற்குள் விழ வைத்தால் நமக்கு.

"அவ்வளவுதானா?" என்று ஒரு கபடிப் பையன் கேட்டான்.

"அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர். சண்டைக் காட்சிகள் அமைக்கிறவர்.

"அப்போ தேங்காய் வெச்ச கபடி."

முதல் ஷாட்டிலேயே கெட்டது. நாங்கள் ஏழு பேர் வரிசையாக நிற்க வேண்டும். ஹீரோ எதிரிலிருந்து ஓடி வருவார். ஆக்‌ஷன் சொன்னார்கள். வந்தார். கட் சொன்னார்கள். டைரக்டர் மைக்கில் கத்தவில்லை. நடந்தே வந்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஏழு பேரும் கை கோத்து நின்றிருந்தோம்.

ஒருத்தரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. எதிரில் ஒருவன் வந்ததும் கைகள் தானாகப் போய்ப் பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் இப்படிக் கை பிடித்துக்கொண்டு நின்றால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டாளி என் கையை விட்டான். விடுவதற்கு முன் ஒரு தடவை அழுத்தினான். கிளவுஸுக்கு மேலேயே ஈரம் தெரிந்தது.

அன்றைக்கு முழுவதும் கையை இடுப்புக்குப் பின்னால் ஒட்டி வைக்கிற மாதிரி நிற்கப் பழகினோம்.

இரண்டாம் நாள் ஆட்டம் இல்லை. உடை மாற்றுகிற ரூம் மாதிரி செட் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மரப் பெட்டி, டவல், ஐஸ் தொட்டி. அங்கே ஹீரோவுக்கு முட்டியில் ஊசி போடுகிற காட்சி. கதை அதுதான். ஊசி போட்டுப் போட்டு ஆட வைப்பார்கள். ஒரு நாள் ஊசியும் கேட்காது. அன்றைக்குப் பெட்டியைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

ஹீரோ ஊசி போடும்போது பல்லைக் கடித்துக் கத்தினார். டைரக்டருக்கு ஒப்பவில்லை. இங்கே யாராவது ஊசி போட்டு ஆடியவர்கள் உண்டா என்று கேட்டார். கூட்டாளி என்னைக் கை காட்டிவிட்டான்.

போனேன். ஹீரோ பெஞ்சில் இருந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும். எழுந்து இடம் கொடுத்தார். எப்படி இருக்கும் அண்ணா, ரொம்ப வலிக்குமா என்று கேட்டார்.

"குத்தும்போது வலிக்காது சார். மருந்து இறங்கும்போதுதான் தெரியும்."

"அப்போ கத்த மாட்டீங்களா?"

"கத்தினா கோச்சுக்குச் சந்தேகம் வந்துடும். உட்கார வெச்சுடுவாரு."

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன்.

எனக்கு நடந்தது இவ்வளவுதான். ஒரு போட்டியின் கடைசி ஆட்டம். காலையிலிருந்தே முட்டி வீங்கியிருந்தது. கோச் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். ஊசி போட்டார்கள். முட்டி இருக்கிறதே தெரியவில்லை. நாலு பேரைப் பிடித்தேன். ஐந்தாவது ஆள் திரும்பும்போது என் கால் திரும்பவில்லை. மேல் பாதி திரும்பியது. உள்ளே ஜவ்வு கிழிந்ததாம். அப்போதும் வலிக்கவில்லை. ஜெயித்தோம். தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். வலி சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. அடுத்த வருடம் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. ஆபீஸுக்குப் போய் நின்றேன். லிஸ்டில் பெயர் இல்லை என்றார்கள். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. டீ கொடுத்தார்கள்.

இதை நான் அங்கே சொல்லவில்லை. ஹீரோ மறுபடி ஊசி ஷாட் எடுத்தார். இந்தத் தடவை கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் ஓகே சொன்னார்.

மூன்றாம் நாள்தான் என் ஷாட்.

ஹீரோ பந்தோடு வருவார். இரண்டு பேர் மோதிக் கீழே விழுவார்கள். கடைசியாக அறுபத்து மூன்று. நான் காலுக்குப் பாய வேண்டும். அவர் தாண்டிப் போய்விடுவார். என் கை காற்றில் மூடும். நான் புல்லில் குப்புற விழுவேன். அவ்வளவுதான்.

கூட்டாளியிடம் கேட்டேன். ஒரு தடவையாவது பிடிக்கிற மாதிரி இல்லையா என்று.

"நீ புடிச்சினா படம் அங்கியே முடிஞ்சிரும்டா" என்றான்.

தவற விடுவது எனக்குத் தெரியாது. ஆடியபோது தவறியிருக்கிறேன். ஆனால் தவற வேண்டும் என்று போனதில்லை. முதல் டேக்கில் சீக்கிரம் பாய்ந்துவிட்டேன். இரண்டாவதில் லேட். மூன்றாவதில் பார்த்தாலே பொய் தெரிகிறது என்றார்கள். பிடிக்கப் போகிறவன் மாதிரிப் போங்கள், பிடிக்காதீர்கள் என்றார் மாஸ்டர். வெயில் ஏறிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முடியாது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் எழுந்து என் இடத்துக்குப் போனேன். பத்து டேக் ஆனது.

ஹீரோ ஓடி வரும்போது எண்ணிக்கொண்டே வருவார். டான்ஸுக்கு எண்ணிப் பழக்கம். ஒன், டூ, த்ரீ என்று வாய்விட்டுச் சொல்வார். எட்டில் என்னைத் தாண்ட வேண்டும். அது அவர் கணக்கு. எனக்கு அதுவரை அது காதில் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கார்னரில் நிற்கிறவன் காலைப் பார்த்துப் பிடிப்பான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் காலைப் பார்ப்பதில்லை. கால் ஏமாற்றும். பாடுகிற சத்தத்தைக் கேட்பேன். மூச்சு நிறைய இருக்கும்போது அவனைத் தொடக்கூடாது. மூச்சு முடிகிற இடத்தில் பாட்டு லேசாக உடையும். அவனுக்கே தெரியாது. அடுத்த நொடி அவன் திரும்பப் பார்ப்பான். அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

பதினோராவது டேக். ஹீரோ வந்தார். களைத்திருந்தார். முதல் ஆளைத் தள்ளினார். இரண்டாவது ஆளைத் தள்ளினார். ஃபைவ், சிக்ஸ். செவன் என்று ஆரம்பித்தார். அது உடைந்தது.

என் கைகள் போய்விட்டன.

வலது கை குதிகாலுக்குப் பின்னால். இடது கை முன்னால். இரண்டும் பூட்டிக்கொண்டன. தலை உள்ளே, தோள் அவர் முழங்காலுக்குக் கீழே. பதிமூன்று வருடமாக அந்தக் கைகள் டோக்கன் கொடுத்தன, பை தூக்கின. ஆனால் எதையும் மறக்கவில்லை. அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. பந்து போய்விட்டது. மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். விழுந்த பிறகும் நான் விடவில்லை. விசில் வரும் என்று காத்திருந்தேன். விசில் வரவில்லை. சினிமாவில் விசில் கிடையாது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். ஹீரோவைச் சுற்றி நின்றார்கள். ஸ்ப்ரே, ஐஸ், தண்ணீர். மேனேஜர் ஒருவர் என் பனியனைப் பிடித்து இழுத்து அறிவில்லையா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஹீரோ உட்கார்ந்தபடியே ஒன்றும் இல்லை, விடுங்கள் என்றார்.

அவரைத் தூக்க நாலு பேர் இருந்தார்கள். நான் நானாக எழுந்தேன். புல்லில் கை ஊன்றி, பாதியில் நின்று, எழுந்தேன். ஹீரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன். பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"தப்பாயிடுச்சு சார். மூச்சு நின்னுடுச்சு, கை போயிடுச்சு."

"யார் மூச்சு?"

"உங்களுது."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. சிரித்தார்.

டைரக்டர் டிவி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எடுத்ததை மறுபடி ஓட விட்டார். சுற்றிலும் ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். நானும் பின்னால் போய் நின்றேன். இரண்டு தோள்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது.

பார்த்தேன்.

அறுபத்து மூன்றாம் நம்பர் ஒரு பக்கமாக நிற்கிறான். சோம்பேறி மாதிரி நிற்கிறான். ஹீரோ நெருங்குகிறார். அவன் பார்க்கக்கூட இல்லை. பிறகு அவன் அங்கே இல்லை. தரையோடு தரையாக ஒன்று போகிறது. ஹீரோ நின்றுவிடுகிறார், யாரோ வேரோடு கட்டிவிட்ட மாதிரி. பன்னிரண்டு வருடம் ஆடினேன். நான் பிடிப்பதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்படித்தான் இருந்ததா என்று நினைத்தேன். நன்றாக இருந்தது.

டைரக்டர் இன்னொரு தடவை ஓட விட்டார். சூப்பரா இருக்கு, ஆனா கதையே போயிடும் என்றார். அடுத்த டேக் போகலாம் என்றார். பெட்டியில் படம் மாறிவிட்டது.

அசிஸ்டென்ட் தம்பி ஒருவர் கேமரா பக்கம் இருந்தார். அந்த ஒரு துண்டை என் போனில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். என் பேச்சிலேயே அவருக்குச் சங்கடம் வந்துவிட்டது. படம் வெளிவராமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். வந்த பிறகு? அதற்குள் வேண்டாத ஷாட்டையெல்லாம் அழித்துவிடுவார்கள் என்றார்.

"யாருக்குண்ணே, ஃபேஸ்புக்குக்கா?"

"வீட்டுக்கு" என்றேன்.

அவர் மறுபடி முடியாது என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அது முடியாது என்பதுதான்.

பன்னிரண்டாவது டேக்கில் ஹீரோ எண்ணவில்லை. மாஸ்டர் சொல்லியிருப்பார். வாயை மூடிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாய்ந்தேன். கை காற்றில் மூடியது. குப்புற விழுந்தேன். ஓகே என்றார்கள். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. ஐஸ் எடுத்து வந்தாள், அந்தக் கப்பில். நடந்ததைச் சொன்னேன்.

"ஹீரோ கால ஒட்ச்சிட்டியா?"

"இல்ல. புடிச்சேன்."

ஐஸைத் துணியில் கட்டி முட்டியில் வைத்தாள். பிறகு அது படத்தில் வருமா என்று கேட்டாள். வராது என்றேன். வேறு என்ன வரும் என்று கேட்டாள். தவற விடுவது வரும் என்றேன்.

"அது எதுக்கு வருது, தண்டத்துக்கு" என்றாள்.

அடுத்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் படம் வந்தது. பெரிய படகுகள் போகாத நாட்கள். அவளுக்கு வியாபாரம் பாதிதான். மதியக் காட்சிக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். முகமும் தெரியாது, பிடியும் இல்லை, எதைப் பார்க்கப் போகிறாய் என்றேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். போனோம்.

பாதிப் படம் வரை எங்கள் மைதானம் வரவில்லை. ஹீரோ அமெரிக்காவில் நடந்தார், பனியில் ஓடினார். பிறகு வந்தது. பச்சைத் துணி போய் ஆயிரக்கணக்கான ஜனம் உட்கார்ந்திருந்தது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அறுபத்து மூன்று வந்தான். பாய்ந்தான். விட்டான். விழுந்தான். தியேட்டரே விசிலடித்தது. இரண்டு நொடி இருக்கும்.

"அதுவா நீயி?"

"ஆமா."

"பாவம், வுட்டுட்டியே."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், இனி என்ன என்று இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் முறுக்கைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

பிறகு ஊசிக் காட்சி வந்தது. ஹீரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசி ஆட்டம். நாலு பேர் மேலே விழுகிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். அடியில் அவர் கிடக்கிறார். இசை நின்றுவிட்டது.

ஹீரோ இடது முட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். வலது கையை முஷ்டியாக்கித் தரையில் ஊன்றினார். முகவாய் முதலில் மேலே வந்தது. பிறகு உடம்பு. பாதியில் நின்றார். முட்டியிடம் ஏதோ கேட்கிற மாதிரி நின்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. அவள் கை. மடியிலிருந்து எழுந்து முன்னால் நீண்டிருந்தது. முறுக்குப் பொட்டலம் கீழே விழுந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நீண்டு, உள்ளங்கை மேல் பார்த்துத் திறந்து, இருட்டில் அப்படியே நின்றது.

திரையில் ஹீரோ ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, உன்னிய மாதிரியே எழுந்துக்கிறான்."

நான் எழுவதை நான் பார்த்ததில்லை. எப்படித் தெரியும்? அவள்தான் பார்த்திருக்கிறாள். அடுப்பைப் பார்க்கிறாள், கூடையைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம்.

அதன் பிறகு படத்தில் அவர் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கேட்டது.

வெளியே வந்து கடல் பக்கமாக நடந்தோம். மாதா கோவிலைத் தாண்டினோம். பிறகு கேட்டாள். அந்தப் பிடியை நிஜமாகவே அழித்திருப்பார்களா என்று. அழித்திருப்பார்கள் என்றேன். எங்கேயாவது ஒரு பெட்டிக்குள் கிடக்காதா என்றாள். கிடக்கலாம் என்றேன்.

"எப்டிதான் புடிச்ச?"

சொல்ல முயன்றேன். வலது கை பின்னால், இடது கை முன்னால் என்று காற்றில் காட்டினேன். காற்றில் காட்டினால் அது ஒன்றும் இல்லை. நிறுத்திவிட்டேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல விழித்தேன். அவள் கூடையைக் கட்டி முடித்திருந்தாள். முட்டியில் கை வைத்தேன். மற்றக் கையை ஊன்றினேன். பாதியில் நின்றேன். அவள் கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணும் இல்ல. நீ எழுந்துக்கோ."

எழுந்தேன். அவள் முழுவதும் பார்த்துவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போனாள்.